சீட்டுக்கு அடியில் கிடந்த தோட்டா

காலை ஒன்பது மணி இருக்கும். மூணாறில் தான் வேலை பார்க்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, முந்தின நாள் வந்தவர்களின் அடையாள அட்டை நகல்களைச் சிவசங்கரி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அண்ணன் அருண்பாண்டியின் போன் வந்தது. அவன் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறவன். வேலை நேரத்தில் போனைத் தொடவே மாட்டான்.

"சங்கரி, அப்பாவைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்காக."

"எதுக்கு? ஜீப்பை எங்கயும் இடிச்சிட்டாரா?"

"இடிச்சிருந்தாத்தான் தேவலையே. ஜீப்புக்குள்ள தோட்டா கிடந்துச்சாம். துப்பாக்கித் தோட்டா."

அவளுக்கு முதலில் அந்தச் சொல்லே விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றாள். முதலாளி ஜோஜோவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தெருவுக்கு வந்தாள். அருண்பாண்டி பைக்கை முறுக்கிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டான்.

அவர்களுடைய அப்பா சோலை இருபத்தாறு வருஷமாக ஜீப் ஓட்டுகிறவர். எஸ்டேட் ரோட்டில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. முந்தின நாள், சிவசங்கரியின் விடுதியில் மூன்று நாள் தங்கியிருந்த ஜெர்மன் பெண் ஒருத்தியைச் சக்குபள்ளத்துக்குக் கூட்டிப்போய் ஏலக்காய்த் தோட்டத்து விடுதியில் இறக்கிவிட்டார். மழை விடவில்லை என்று அங்கேயே பெரியப்பா மகன் நல்லமுத்து வீட்டில் படுத்துவிட்டு, விடிந்ததும் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். பூப்பாறையைத் தாண்டி ஒரு வளைவில் வனத்துறைக்காரர்களும் போலீஸும் சேர்ந்து நின்று வண்டிகளைச் சோதித்தார்கள். நான்கு நாளுக்கு முன்னால் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு காட்டுமாட்டை யாரோ சுட்டுக் கறியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதிலிருந்து ஒரு ஜீப்பும் சோதனைக்குத் தப்பவில்லை. சோலை தானே இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். வனத்துறை கார்டு ஒருவர் டார்ச் அடித்துக் குனிந்தார். பின்சீட்டின் இரும்புக் காலுக்கும் தரைவிரிப்புக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

ஸ்டேஷனுக்குள் அவர்கள் நுழைந்தபோது சோலை சுவரோரத்துப் பெஞ்சில் இருந்தார். செருப்பைக் கழற்றி வெளியே விடச் சொல்லியிருந்தார்கள். ஈரத் தரையில் வெறுங்காலை ஊன்றி, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இறுக்கிவைத்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தோளில் கை வைத்து உட்காரவைத்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது தாயி," என்றார். அதே வாக்கியத்தைக் காலையிலிருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, குரல் கட்டிப்போயிருந்தது.

எஸ்.ஐ. ஷிஜுவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார். சத்தம் போட்டிருந்தால்கூட இத்தனை பயமாக இருந்திருக்காது என்று சிவசங்கரிக்குத் தோன்றியது. மேசைமேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் உறை. அதற்குள் சுண்டுவிரலின் பாதி நீளத்தில் அந்தத் தோட்டா.

"நீ மகளா? படிச்ச குட்டி மாதிரி இருக்கே, அதனால சொல்றேன். காட்டுமாட்டைச் சுட்டது நாட்டுத் துப்பாக்கி. அதுக்கு இந்த ரவுண்டு போகாது. இது பிஸ்டலுக்குள்ளது. ஒன்பது எம்.எம். லைசென்ஸ் வச்சிருக்கிறவன்கூட இந்த சைஸ் வச்சிருக்கக் கூடாது. போலீஸ், பட்டாளம், அவ்வளவுதான். அப்ப காட்டுமாடு கேஸைவிட இது பெரிய கேஸ். நின்றே அச்சன், உன் அப்பன், இது எங்கிருந்து வந்துச்சுன்னு பறையணும்."

"சாரே, வண்டியில தினம் எத்தனையோ பேர் ஏறுறாக. யாராச்சும் போட்டுட்டுப் போயிருந்தா?"

"ஆரு? பேரு சொல்லு."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் ஏறியவர்களில் பாதிப்பேர் அவள் விடுதி வழியாக வந்தவர்கள்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. ஜெர்மன் பெண். அப்புறம் கொல்லத்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள். அந்த மூன்று பேரும் அறையில் கூச்சல் போட்டதும், கிளம்பும்போது கண்ணாடியை உடைத்திருந்ததும் நினைவுக்கு வந்தன. அவர்கள் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது கை கூசவில்லை. ஷிஜு இரண்டு இடத்துக்குப் போன் போட்டார். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. மூன்று பேரும் பல்மருத்துவம் படிக்கிறவர்கள், வகுப்பில் இருக்கிறார்கள், எந்தப் பழைய வழக்கும் இல்லை.

"மாவட்டத்திலிருந்து ஆர்மரர் வருவார்," என்றார் ஷிஜு. "துப்பாக்கி, ரவுண்டு எல்லாம் அவர்தான் நோக்கறது. அவர் எழுதித் தந்ததும் அஞ்சு மணிக்கு மஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டுபோவேன். அதுக்குள்ள உண்மை சொன்னா எல்லாருக்கும் நல்லது."

ஆர்மரர் வந்து சேர மணி பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. வேல்முருகன் என்று பெயர். மாட்டுப்பட்டி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து போலீஸில் சேர்ந்தவர். ஐம்பது வயசு, நரைத்த மீசை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடி. பெஞ்சில் இருந்த சோலையை ஒருமுறை பார்த்தார். கையுறை மாட்டி, தோட்டாவை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தன் பையிலிருந்து இன்னொரு தோட்டாவை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். ஆனால் அவர் கொண்டுவந்ததன் முனை செம்புநிறத்தில் மழமழவென்று உருண்டையாக இருந்தது. ஜீப்பில் கிடந்ததன் முனையில் ஒரு குழி. குழிக்குள் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் அடைப்பு.

வேல்முருகன் இரண்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம சரக்கு இல்ல சார்," என்றார் கடைசியில். "நம்ம போலீஸும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. அடிப்பக்கத்து எழுத்தைப் பாருங்க. வெளிநாட்டுது."

"கள்ளக்கடத்தலா?"

"கடத்துறவன் இதைக் கடத்த மாட்டான். கிடைக்காது. பட்டாளத்து ரவுண்டு ஆளைத் துளைச்சு, பின்னால நிக்கிறவனையும் துளைச்சிட்டுப் போகும். ஐரோப்பாவுல கடைத்தெருவுல, ரயில்ல நிக்கிற போலீஸுக்கு அது ஆபத்து. அதனால அங்க பல ஊர்ல இந்த மாதிரி வச்சிருக்காக. உள்ள போனதும் இந்த முனை விரிஞ்சு அங்கேயே நின்னுரும். நானே ட்ரெயினிங்ல படத்துலதான் பாத்திருக்கேன். ஜெர்மனி போலீஸ் இடுப்புல இருக்கிறது இந்த ஜாதிதான்."

ஜெர்மனி என்ற சொல் காதில் விழுந்ததும் சிவசங்கரிக்குச் சட்டென்று ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

பிர்கிட். முப்பத்தெட்டு வயசு, கட்டை முடி, பச்சை மழைச்சட்டை. காலைச் சாப்பாட்டு மேசையில் என்ன வேலை என்று சிவசங்கரிதான் கேட்டாள். போலீஸ் என்றாள். பதினோரு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் சுட்டிருக்கிறாளாம். மனிதரை அல்ல, ரோட்டில் லாரி மோதி இடுப்பொடிந்து கிடந்த ஒரு மானை. துடிக்க விடக்கூடாது என்று. அதைச் சொல்லிவிட்டு அன்று அவள் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டாள். மாட்டுப்பட்டி அணையில் காவல் நின்றவரின் பழைய துப்பாக்கியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்து, இது சுடுமா என்று அவரிடமே கேட்டு வைத்ததையும் அப்பா வீட்டில் சொல்லிச் சிரித்திருந்தார்.

"சாரே," என்றாள். "நேத்து அப்பா கூட்டிட்டுப் போன அம்மா ஜெர்மன் போலீஸ்."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"போலீஸ்காரி ரவுண்டைச் சட்டைப்பையில போட்டுட்டு டூர் வருவாளா?" என்றார் ஷிஜு. "ரெண்டு ஏர்போர்ட் தாண்டணுமே?"

"ஒத்தை ரவுண்டு பெட்டித் துணிக்குள்ள சுருண்டு கிடந்தா மெஷின்ல தப்பிரும் சார்," என்றார் வேல்முருகன். "லீவுல ஊருக்குப் போற நம்ம ஆளுகளே தெரியாம கொண்டுபோய் ஏர்போர்ட்ல மாட்டியிருக்காக."

ஷிஜு பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். "அவ இப்ப எங்க?"

"இன்னிக்குக் காலையில சக்குபள்ளத்துல இருந்து கார்ல கொச்சி கிளம்பியிருப்பாக. ராத்திரி எட்டரைக்கு ப்ளைட்."

"நான் மேலே எழுதி, அவங்க எம்பஸிக்குச் சொல்லி, ஏர்போர்ட்ல நிறுத்தச் சொன்னா நாளைக்குத்தான் பதில் வரும். உன் வாய்ச்சொல்லை நம்பி ஒரு வெளிநாட்டுக்காரியை எவன் நிறுத்துவான்? அவளே வந்து, என்னோடதுதான்னு ஒத்துக்கிட்டா வேற காரியம். அவ இல்லைன்னா வண்டியும் ரவுண்டும் நின்றே அச்சன் கையில. கேஸ் அவர் பேர்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நீ விளி. நான் பேசினா வரமாட்டா. போலீஸ் என்ன செய்யும்னு போலீஸுக்குத் தெரியும்."

"வந்தா அவங்களை என்ன செய்வீங்க?"

அவர் மறைக்கவில்லை. "அரெஸ்ட். பாஸ்போர்ட் வாங்கி வைப்போம். தெரியாம வந்துச்சுன்னு கோர்ட் நம்பினா விட்டுரும். அதுக்கு எத்தனை நாளாகும்னு நான் சொல்ல முடியாது. நீ என்ன சொல்லிக் கூப்பிடறேங்கறது உன் இஷ்டம்."

வேல்முருகன் தோட்டாவின் அடிப்பக்கத்து எழுத்துகளையும் எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுத்தார்.

ஸ்டேஷன் முற்றத்தில், பிடித்துவைத்த வண்டிகளுக்கு நடுவே அப்பாவின் ஜீப் மழையில் நின்றது. தகரக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்று அவள் போனை எடுத்தாள். அருண்பாண்டி அவள் கையைப் பிடித்தான்.

"உண்மையச் சொல்லித் தொலைக்காத. எதையோ விட்டுட்டுப் போயிட்டீங்க, வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லு. பையோ பர்சோ, ஏதோ ஒண்ணு. வந்து சேரட்டும், மத்ததை இவுக பாத்துக்குவாக."

"சரி," என்றாள். அப்போது அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

நான்காவது முறை மணி அடித்தபோது பிர்கிட் எடுத்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். கொச்சி போகும் வழியில், கோதமங்கலத்தில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"நீங்கள் ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், மேடம்."

"பையா? என்னிடம் எல்லாம் இருக்கிறதே." சிரித்தாள். "அது கிடக்கட்டும், சோலை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாரா? நேற்று மழையில் நான் நனைந்துவிட்டேன் என்று தன் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் வழியெல்லாம் இருமிக்கொண்டே ஓட்டினார்."

சிவசங்கரி தயாராக வைத்திருந்த அடுத்த பொய் வாய்க்கு வரவில்லை. அருண்பாண்டி கண்ணாலேயே அவளை உலுக்கினான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"அவர் வீட்டுக்கு வரவில்லை," என்றாள். "போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார். ஜீப்பில் ஒரு தோட்டா கிடைத்திருக்கிறது. ஒன்பது எம்.எம். முனையில் குழி, குழிக்குள் பிளாஸ்டிக்."

மறுமுனையில் தட்டில் கரண்டியை வைக்கும் ஓசை கேட்டது.

"அடியில் என்ன எழுதியிருக்கிறது?" என்றாள் பிர்கிட். குரல் மாறிவிட்டிருந்தது. அதுதான் அவளுடைய வேலைக் குரலாக இருக்கும்.

சிவசங்கரி காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

"இரு."

நாற்காலி நகரும் ஒலி. கார்க் கதவு திறக்கும் ஒலி. ஜிப்பு இழுபடும் ஒலி. அப்புறம் மூச்சுமட்டும்.

"மழைச்சட்டையின் பை கிழிந்திருக்கிறது," என்றாள் பிர்கிட் மெதுவாக. "உள்துணிக்குள் கை போகிறது. உள்துணியின் அடித்தையலும் விட்டிருக்கிறது. செப்டம்பரில் எங்களுக்கு ஒரு பயிற்சி நாள் உண்டு. பழைய தோட்டாக்களையெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொள்வோம். அன்று மழை. இந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். கடைசியில், என்னிடம் எதுவும் மிச்சமில்லை என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன். பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்."

சிவசங்கரி காகிதத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் வந்தால் என்ன நடக்கும்?"

இதுதான் இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்றும் நடக்காது, ஒரு கையெழுத்துத்தான் என்று சொன்னால் போதும். ஜன்னல் கம்பிகளுக்குள்ளே அப்பாவின் பின்னந்தலை தெரிந்தது.

"கைது செய்வார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். தெரியாமல் நடந்தது என்று நீதிமன்றம் நம்பினால் விட்டுவிடும். எத்தனை நாள் என்று தெரியாது என்று எஸ்.ஐ. சொன்னார்."

"வராவிட்டால்?"

"ஐந்து மணிக்கு அப்பாவைக் கொண்டுபோகிறார்கள்."

பிர்கிட் கேட்டாள். "இதையெல்லாம் ஏன் சொன்னாய்? பை இருக்கிறது என்றே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்டீர்கள்."

"நான் யோசிக்க வேண்டும்," என்றாள் பிர்கிட். போன் அறுந்தது. இரண்டு நிமிஷம் கழித்து அழைத்தபோது சுவிட்ச் ஆஃப்.

அருண்பாண்டிக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது. "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அரெஸ்டு பண்ணுவாகன்னு நீயே சொல்லுறியா? எவடி வருவா இதைக் கேட்டுட்டு? ப்ளைட்டைப் பிடிச்சு ஓடத்தான் செய்வா!" ஜீப்பின் பக்கத்தகரத்தில் ஓங்கிக் குத்தினான். உள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்து அதட்டினார்.

அதன் பிறகு நேரம் நகரவே இல்லை. இரண்டு மணி, இரண்டரை, மூன்று. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் போன் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே பதிவுசெய்த குரல். அம்மா சாந்தம்மாள் கொழுந்துக் காட்டிலிருந்து விஷயம் கேள்விப்பட்டு அழுதுகொண்டே பேசினாள். சாயங்காலம் அப்பா வந்துவிடுவார் என்று அவளிடம் பொய் சொல்வது சிவசங்கரிக்குக் கஷ்டமாகவே இல்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது.

ஸ்டேஷனில் இருந்த பெண் போலீஸ் சிசிலி பாலில்லாத ஒரு கட்டன் சாயாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, அப்பாவின் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காரவும் விட்டாள். சோலையின் காதுக்கு எல்லாம் எட்டியிருந்தது. அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பொய் சொல்லியிருக்கலாம்ல தாயி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சு. அஞ்சு வருசம், ஏழு வருசம்னு சொல்லுறாக. உள்ள போனா நான் திரும்பி வருவனான்னு தெரியல. அந்தம்மா யாரு நமக்கு? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம்."

அண்ணன் கத்தியபோது வராத அழுகை இப்போது வந்தது. சோலை அவள் தலையில் கை வைத்தார். சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

நான்கு மணிக்கு ஷிஜு தாள்களை எழுத ஆரம்பித்தார். வேல்முருகன் தன் அறிக்கையில் வெளிநாட்டுத் தயாரிப்பு, ஐரோப்பியப் போலீஸ் வகை என்று தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அது எப்படி ஜீப்புக்குள் வந்தது என்று எழுத அவரால் ஆகாது. "என்னால முடிஞ்சது இவ்வளவுதான்மா," என்று சிவசங்கரியிடம் சொல்லிவிட்டும் அவர் கிளம்பவில்லை. வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நாலே முக்காலுக்குப் போலீஸ் வண்டி வாசலுக்கு வந்தது. சிவசங்கரி ஷிஜுவின் முன்னால் போய் நின்றாள்.

"பத்து நிமிஷம் சாரே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் கொடுத்தார். கூடவே ஐந்தும் கொடுத்தார். ரோட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஒரு பிக்கப் போனது, இரண்டு பஸ் போயின. ஐந்து மணிக்குச் சோலையை இரண்டு பேர் நடுவில் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் கால் வழுக்கியது. அருண்பாண்டி பைக்கில் பின்னாலேயே போனான். அவளை ஏறச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வண்டி வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, வராந்தாப் படியில் உட்கார்ந்தாள்.

ஐந்து இருபது இருக்கும். மூணாறுப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார், சேறு அப்பிய சக்கரங்களோடு வந்து வாசலில் நின்றது. வேல்முருகன்தான் முதலில் எழுந்தார். பின்கதவு திறந்து பிர்கிட் இறங்கினாள். பச்சை மழைச்சட்டையைப் போட்டிருக்கவில்லை, கையில் மடித்து வைத்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அவர் எங்கே?" என்றாள்.

"கொண்டுபோய்விட்டார்கள்," என்பதைச் சொல்லி முடிக்குமுன் சிவசங்கரியின் குரல் உடைந்தது.

சிசிலி அதற்குள் போனை எடுத்திருந்தாள். ஷிஜு அந்த நேரம் மஜிஸ்ட்ரேட் வீட்டு வாசலில், உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்து நின்றிருக்கிறார். சிசிலி மலையாளத்தில் இரண்டே வாக்கியம் பேசினாள். மறுமுனையில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டுச் சிவசங்கரியைப் பார்த்தாள். "திரும்பி வர்றாங்க. உன் அப்பாவும்தான்."

ஷிஜுவின் மேசைக்கு முன்னால் பிர்கிட் நிமிர்ந்து உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தாள். பெயர், வயது, பதவி, எத்தனை வருஷ வேலை, எந்தத் தேதியில் பயிற்சி, எத்தனை தோட்டா வாங்கினாள், எதில் கையெழுத்துப் போட்டாள். வேறு யாருடைய வழக்கையோ எழுதவைப்பதுபோல வரிசையாகச் சொன்னாள். சிவசங்கரி ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்ல, சிசிலி எழுதினாள். மழைச்சட்டையின் கிழிந்த பையை வேல்முருகன் வெளியே இழுத்துக் காட்டினார். உள்துணியின் மூலையில் தோட்டா கிடந்த இடத்தில் ஒரு சிறு கறை இருந்தது. தன் ஊர் அலுவலகத்துக்குப் பிர்கிட்டே போன் போட்டாள். அந்த எழுத்தும் எண்ணும் தாங்கள் வழங்கியவைதான் என்று ஒரு மணி நேரத்தில் அங்கிருந்து எழுத்தில் பதில் வந்தது. அத்தனைக்கும் முன்னால் அவள் ஒன்று கேட்டாள். ஓட்டுநருக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது என்பதுதான் முதல் வரியாக வர வேண்டும். ஷிஜு தலையாட்டினார்.

ஏழரைக்குச் சோலை கையெழுத்துப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிர்கிட்டின் முன்னால் வந்து நின்றார். கும்பிட்டார். அவள் எழுந்து அவர் கைகளைப் பிடித்து இறக்கினாள். "மன்னிக்கணும்," என்றாள். அந்த ஒரு தமிழ் வார்த்தையைக் கார்க்காரரிடம் கேட்டு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

கைதான பிர்கிட்டுக்கு மறுநாள் ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் தங்கிவிட்டது. தங்க ஓர் இடம் வேண்டும். போலீஸ் வந்து போகிற ஆளை விடுதியில் வைக்க முடியாது என்று ஜோஜோ முதலில் ஒரே பிடியாக மறுத்தார். அப்படியானால் நானும் நாளையிலிருந்து வரவில்லை என்றாள் சிவசங்கரி. அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்க அறையைத் திறந்துவிட்டார். நாற்பத்தொரு நாள் பிர்கிட் அங்கே இருந்தாள். தெரிந்து வைத்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யும்வரை, திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். சோலையின் ஜீப்பும் வழக்குச் சொத்தாக அந்த முற்றத்திலேயே நின்றது. அவர் அதுவரை வேறொருவருடைய வண்டியை ஓட்டினார். காட்டுமாட்டைச் சுட்டவர்கள் டிசம்பரில் நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டார்கள். பேப்பரில் நாலு வரிச் செய்தியாக வந்தது.

பின்பக்க அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், அன்று போனை ஏன் அணைத்தீர்கள் என்று சிவசங்கரி கேட்டாள்.

"கொச்சிக்குத்தான் போகச் சொன்னேன்," என்றாள் பிர்கிட் ஒளிக்காமல். "பத்து நிமிஷம் அந்தப் பக்கம்தான் போனோம். யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன், சங்கரி. வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களும் என்னைக் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது, சும்மா வாருங்கள் என்பேன். வருவார்கள். அது என் வேலையில் ஒரு பகுதி. நீ அப்படிச் சொல்லியிருந்தால் நான் உடனே கண்டுபிடித்திருப்பேன். கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன்."

ஊருக்குத் திரும்பியதும் அவளுக்கு அங்கே விசாரணை நடந்தது. துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு அலுவலக வேலை கொடுத்திருப்பதாகச் செய்தி அனுப்பினாள். இடுப்பு காலியாக இருப்பது இன்னும் பழகவில்லையாம். நடக்கும்போது கை தானாக அங்கே போகிறதாம்.

சோலையைக் கேட்டால், என் மக செஞ்சதுதான் சரி என்று இன்றைக்கு எல்லோரிடமும் சொல்வார். ஸ்டேஷன் பெஞ்சில் தான் சொன்னதை அவர் மறந்துவிட்டாரா, மறந்ததாகக் காட்டுகிறாரா என்று சிவசங்கரிக்குத் தெரியாது. சில சமயம் வரவேற்பு மேசையில் ஆளில்லாத நேரத்தில் அவளுக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வரும். வெள்ளைக் கார் வராமலே இருந்திருந்தால் தான் சொன்னது சரியா என்று யோசிப்பாள். விடை கிடைக்காது. அதற்குள் யாராவது சாவி கேட்டு வந்து நிற்பார்கள்.